மின்கம்பி எங்கே தாழ்கிறது?

லிங்கராஜபுரத்துத் தெருவில் இரு கம்பங்களுக்கிடையே தொய்யும் மின்கம்பி எங்கே மிகத் தாழ்கிறது? விடைக்கு அடுக்குக்குறிச் சார்பிலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ 2.718 ஆன e என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட அந்தச் சார்புக்குத் தனியே சிறுமம் கிடையாது. அதன் வகைக்கெழு அதுவேதான், ஒருபோதும் பூஜ்யமாகாது. ஏறும் அடுக்கோடு இறங்கும் அடுக்கையும் கூட்டினால்தான் பள்ளம் பிறக்கிறது. தொங்கும் கம்பியின் வடிவம் அந்தக் கூட்டலில் பாதி என்று 1691இல் லைப்னிட்ஸ் காட்டினார். நடுவில்தானே தாழும், நுண்கணிதம் எதற்கு என்று கேட்கலாம். கம்பங்கள் சம உயரமானால் சரி. ஒன்று உயர்ந்தால் தாழ்புள்ளி குட்டைக் கம்பத்தின் பக்கம் நகரும்; ஏற்றமும் இறக்கமும் ஈடாகி வகைக்கெழு பூஜ்யமாகும் இடமே அது. கம்பியின் வடிவத்துக்கு எளிய பரவளையம் போதாதா? தொய்வு குறைவானால் போதும். ஆனால் வெயிலில் கம்பி நீண்டு மேலும் தொய்யும். சமதரையில் பாதுகாப்பு இடைவெளியை தாழ்புள்ளியில்தான் அளக்க வேண்டும், கம்பத்தடியில் அல்ல.