தலைவரை அளக்கும் படி

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் குழுவினர் அமைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு அடியேன் பல ஆண்டுகளாகப் பொறுப்பாளன். அன்பர்களின் பாராட்டையே என் தகுதிக்குச் சான்றாக எண்ணியிருந்தேன். ஓராண்டு காய்ச்சலில் படுத்துவிட்டேன். சர்க்கரை மூட்டை இருக்குமிடமும் நன்கொடைக் கணக்கும் வேறு எவருக்கும் தெரியாததால், நண்பகலுக்குள் பந்தல் ஓய்ந்தது. குறை என்னுடையதே.

திருக்குறளின் 45ஆம் அதிகாரமான ‘பெரியாரைத் துணைக்கோடல்’, இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளச் சொல்கிறது. அரசனுக்கு மட்டுமா அது? இளைஞர்களைக் கூட்டிக் கேட்டேன்: எங்கே தடுமாறினீர்கள்? எதை நான் சொல்லித் தரவில்லை? எதைச் சொல்ல அஞ்சினீர்கள்? மௌனம்தான். மறு ஆண்டு அவர்களுடன் அண்டா கழுவ உட்கார்ந்தபோதுதான் (அங்கே தலைவர் நாற்காலி ஏது!) வாய் திறந்தார்கள்.

இப்போது கணக்கை இருவர் எழுதுகிறார்கள். நானோ தைப்பூசத்தன்று வேண்டுமென்றே பந்தலை விட்டு விலகி, 513 படிகளேறி, பாலதண்டாயுதபாணியைத் தரிசித்து வருகிறேன். சென்றமுறை இறங்கி வருகையில் எங்கள் பந்தலிலேயே ஒரு புதுப்பையன் எனக்கு மோர் நீட்டினான். நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.