ஒட்டகத்தின் பிறந்தகம்

ஒட்டகம் என்றவுடன் அரேபிய மணல்வெளியும் பேரீச்ச மரங்களும் நம் மனக்கண்முன் விரிகின்றன. 'பாலைவனக் கப்பல்' என்று சிறுவயதில் படித்ததன் விளைவு அது. விலங்கியலார் கூறும் வரலாறோ வேறு. ஒட்டகக் குடும்பத்தின் பிறந்தகம் வட அமெரிக்கா! இன்று அம்மண்ணில் இயற்கையாக வாழும் ஒட்டகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் விந்தை.

முதலில் அதன் உறவினர் யாரெனக் காண்போம். 1758-இல் லின்னேயஸ், ஒற்றைத் திமில் ஒட்டகம், இரட்டைத் திமில் ஒட்டகம், தென் அமெரிக்காவின் லாமா, அல்பாக்கா ஆகிய நான்கையும் 'கேமலஸ்' என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் திமிலற்ற இரண்டையும் வேறு பேரினமாகப் பிரித்தனர். குடும்பம் மட்டும் ஒன்றே. திமிலில்லாத லாமா ஒட்டகத்துக்கு உறவா என ஐயுறுவோர் அதன் பாதத்தைப் பார்த்தால் போதும். இரண்டே விரல்கள், அடியில் மெத்தை போன்ற தசை, முனையில் குளம்புக்குப் பதிலாக நகம். இதனாலேயே இவற்றை 'டைலோபோடா', அதாவது மெத்தைப்பாதத்தன என்கிறோம். மற்றப் பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் வட்டமாயிருக்க, இவற்றினுடையவை நீள்வட்டமாக உள்ளன.

அசைபோடுவதைக் கண்டு ஒட்டகத்தை மாட்டின் பங்காளி என்று எண்ணுவது இயல்பே. ஆனால் மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள், ஒட்டகத்தினதில் மூன்றே. மாட்டின் மேல்தாடையில் இல்லாத வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் ஒட்டகத்துக்கு உண்டு. 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் மரபணுப் பொருளை ஒப்பிட்டு, இரட்டைக் குளம்பிகளின் குலமரத்தில் முதலில் பிரிந்த கிளை ஒட்டகமே என்று காட்டினர். மாட்டுக்கு ஒட்டகத்தைவிடத் திமிங்கிலம் நெருங்கிய உறவாம்! அசைபோடும் வழக்கம் இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியது என்றே கொள்ளவேண்டும்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். நான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கு வாழ்ந்த 'புரோடைலோபஸ்' ஏறக்குறைய முயலளவே இருந்தது. அதன்பின் வந்தது ஆட்டளவான 'போயிப்ரோதீரியம்'. 1847-இல் ஜோசப் லெய்டி இதனை விவரித்தார். நெடுங்கழுத்துடைய 'ஏபிகேமலஸ்' என்பதும் ஒன்று. ஒட்டகச்சிவிங்கி என்னும் நம் தமிழ்ப் பெயர் அதற்கே மிகப் பொருந்தும்!

ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அன்று இணைத்திருந்த நிலப்பாலம் வழியே ஆசியாவுக்குள் நுழைந்தது. நம் சிவாலிக் மலைகளிலும் அக்கிளையின் எச்சங்கள் உண்டு. பால்கனரும் காட்லியும் 1836-இல் அவற்றை வெளியிட்டனர். மற்றொரு கிளை பனாமா நிலப்பாலத்தின் வழியே தெற்கே சென்றது. அங்குள்ள குவனாக்கோவிலிருந்து லாமாவையும், விக்குன்யாவிலிருந்து அல்பாக்காவையும் ஆண்டிஸ் மலைமக்கள் பழக்கி எடுத்தனர். தாயகத்தில் எஞ்சிய 'கேமலாப்ஸ்' பனியுகத்தின் இறுதியில் அழிந்தது.

பாலைக்கே படைக்கப்பட்டதாக நாம் கருதும் உறுப்புகள் பனிநாட்டில் உருவானவையோ? இக்கேள்வியை எழுப்பியது 2013-இல் வெளியான ஓர் ஆய்வு. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் ஏறத்தாழ முப்பது எலும்புச் சில்லுகள் கிடைத்தன. அவற்றை ஒட்டவைத்தபோது ஒரு கீழ்க்கால் எலும்பின் பகுதி உருவாயிற்று. வயது சுமார் 35 லட்சம் ஆண்டுகள். அதிலிருந்த 'கொலாஜன்' புரதம் அது ஒட்டகக் குலத்தது என்று காட்டிக்கொடுத்தது. உருவிலோ இன்றைய ஒட்டகத்தினும் பெரிது. அக்காலத்தில் அத்தீவு காடாயிருந்தது. ஆயினும் குளிர்காலம் நெடியது, இருண்டது. அகன்ற பாதம் பனியில் புதையாமல் நடக்கவும், திமிலின் கொழுப்பு உணவற்ற மாதங்களைக் கடக்கவும் உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கால் எலும்பைக் கொண்டு திமிலை அறிய இயலாது. எனவே இது ஊகமே. எனினும் கோபிப் பாலைவனத்தின் உறைபனியில் இன்றும் உலவும் இரட்டைத் திமில் ஒட்டகத்தைக் கண்டோர் இதனை எளிதில் தள்ளிவிடமாட்டார்.

அங்கே வாழும் காட்டு ஒட்டகம் தனிச்சிறப்புடையது. வீட்டில் வளர்க்கப்படுவது தப்பியோடிக் காட்டுயிராயிற்று என்று முன்னர்ச் சிலர் கருதினர். மரபணு ஆய்வோ, இரண்டும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனி மரபுகள் என்கிறது. சீனாவிலும் மங்கோலியாவிலுமாகச் சேர்ந்து அவை ஓராயிரங்கூட இல்லை. வீட்டு ஒட்டகங்களோடு கலந்து அவற்றின் தனிமரபு கரைந்துவருகிறது.