எட்டு ஆண்டுகளில் மீண்ட மூளை

1996 டிசம்பர் 10. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜில் போல்ட் டெய்லர் இடது கண்ணுக்குப் பின்னால் குத்தும் வலியோடு கண்விழித்தார். வயது 37. ஹார்வர்டில் மூளையைப் பற்றியே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். பிறவியிலேயே பின்னிக் கிடந்த ரத்தக்குழாய்களின் முடிச்சு ஒன்று வெடித்து, அவரது இடது மூளைக்குள் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

உதவிக்கு அலுவலகத்தை அழைக்க முயன்றார். விசிட்டிங் கார்டில் இருந்த எண்கள் வெறும் கோடுகளாகத் தெரிந்தன. அந்தக் கோடுகளின் வடிவத்தை போன் பொத்தான்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அழுத்தினார். மறுமுனையில் பேசியவரின் குரல் நாய் குரைப்பதுபோல் கேட்டது. தன் வாயிலிருந்தும் அதே சத்தம்தான் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு மணி நேரத்துக்குள் நடை, பேச்சு, படிப்பு, எழுத்து, பழைய நினைவுகள் எல்லாம் போய்விட்டன.

அவருக்கு வந்தது பக்கவாதம். பக்கவாதங்களில் பெரும்பாலானவை ரத்தக்குழாய் அடைப்பால் வருபவை. ரத்தக்கசிவால் வருபவை குறைவு. ஆனால் உயிருக்கு ஆபத்து அதிகம். மண்டையோடு விரிந்துகொடுக்காது என்பதால், கசிந்த ரத்தம் மூளையையே அழுத்தி நசுக்குகிறது. இந்தக் கசிவுக்கு முதன்மையான காரணம், கவனிக்காமல் விட்ட உயர் ரத்த அழுத்தம். டெய்லரைப் போல ரத்தக்குழாய்க் கோளாறு உள்ளவர்களுக்கு இளவயதிலேயே வரக்கூடும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011-ல் ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தபோது வயது 24. சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் அவரால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. பேச்சு திரும்பியது, நடிப்புக்கும் திரும்பினார்.

இழந்தது எப்படித் திரும்புகிறது? கசிந்த ரத்தம் மெல்லக் கரைந்து, வீக்கம் வடிந்ததும், அழுத்தத்தில் முடங்கியிருந்த செல்கள் சில மறுபடி வேலை செய்கின்றன. செத்துப்போன செல்கள் பிழைப்பதில்லை. அவற்றின் வேலையை மற்ற பகுதிகள் பழகிக்கொள்கின்றன. அந்தப் பழக்கம் வரத்தான் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஓயாமல் தேவைப்படுகின்றன.

டெய்லருக்கு இரண்டரை வாரத்தில் அறுவை சிகிச்சை செய்து, கோல்ஃப் பந்து அளவுக்கு உறைந்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். அவரைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டவர் தாய். தூக்கம் வந்தபோதெல்லாம் தூங்கவிட்டார். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்த்து, எந்த உணவு வேண்டும் என்று இரண்டு மூன்றைச் சொல்லித் தேர்வு செய்யச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் மகள் யோசித்தாக வேண்டும். துண்டுப் படங்களைச் சேர்க்கும் விளையாட்டில், நிறத்தைப் பார்த்தும் பொருத்தலாம் என்று தாய் சொன்ன பிறகுதான் மகளுக்கு நிறங்களே தென்படத் தொடங்கின.

முழுமையாக மீள எட்டு ஆண்டுகள் ஆயின. எல்லோருக்கும் இந்த அளவு மீட்சி கிடைப்பதில்லை. கசிவின் அளவு, இடம், வயது எல்லாவற்றையும் பொறுத்தது அது. தொடக்கத்தில், மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை, முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன்பின் வேகம்தான் குறைகிறது. ‘இனி அவ்வளவுதான்’ என்று குடும்பம் பயிற்சியைக் கைவிடுவது பெரிய இழப்பு.

திடீரென முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், இதுவரை அறியாத கடுமையான தலைவலி வந்தால் தாமதிக்காதீர்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.