நெல்லும் மரக்கறியும் ஏற்றும் லொறிகளுக்குப் படங்கும் கயிறும் தெரிவு செய்தல்

களத்தில் தூற்றிக் கட்டிய நெல்லும், தோட்டத்திற் பறித்துத் தெரிந்தெடுத்த மரக்கறியும், சந்தையில் நிறுக்கப்படும்வரை பெரும்பாலும் கமக்காரருக்கே உரியன. வழியில் நனைந்த மூட்டைக்கு ஆலைக்காரர் விலை குறைப்பர். நசுங்கிய தக்காளியை எவரும் நிறுத்து வாங்கார். வளைவிற் சரிந்து வீழும் மூட்டையோ பின்னால் வருவோரின் உயிருக்கே ஊறு விளைக்கும். நம் நாட்டில் மரக்கறி, பழவகைகளில் நூற்றுக்கு 30 தொடக்கம் 40 பங்குவரை அறுவடைக்குப் பின் வீணாகின்றதென மதிப்பிடப்பட்டுள்ளது. ஏற்றி இறக்கும்போதும் வழியிலும் நேரும் சேதமும் இதில் அடங்கும். விதைக்கும் பசளைக்கும் கணக்குப் பார்த்துச் செலவிடும் கமக்காரர் பலர், படங்கையும் கயிற்றையும் மாத்திரம் லொறிக்காரரின் பொறுப்பென்று விட்டுவிடுகின்றனர்.

படங்கு வேறு, கட்டு வேறு என்பதை முதற்கண் தெளிந்து கொள்ளுதல் வேண்டும். மழை, வெயில், காற்று என்பவற்றைத் தடுப்பது படங்கு. பொருளை அசையாது பிடித்து வைப்பது கயிறு. படங்கை இழுத்துக் கட்டிவிட்டால் மூட்டைகளும் கட்டுண்டன என எண்ணுவோர் உளர். சரியத் தொடங்கிய மூட்டையின் பாரத்தைப் படங்கின் கண்கள் தாங்கமாட்டா. கண் கிழிந்து, படங்கும் மூட்டையும் ஒருங்கே வீதியில் வீழும். மூட்டைகளின் மேல் ஆட்களை அமர்த்தி அனுப்புவது இதனினும் கேடானது. அவர்களால் பாரத்தைப் பிடித்து வைக்க இயலாது. பாரம் சரியும்போது முதலில் வீழ்பவரும் அவரே.

கட்டின் வலிமை

சாரதி திடீரெனத் தடுப்பை அழுத்தும்போது, பாரம் தன் நிறையின் நூற்றுக்கு 80 பங்களவு விசையுடன் முன்னோக்கித் தள்ளக்கூடும் எனவும், வளைவுகளிற் பக்கவாட்டில் 50 பங்களவு தள்ளக்கூடும் எனவும் பிறநாட்டு வீதிப் போக்குவரத்து விதிகள் கணக்கிற் கொள்கின்றன. 50 கிலோகிராம் மூட்டைகள் 60 ஏற்றிய லொறியை எடுத்துக்கொள்வோம். மொத்த நிறை 3,000 கிலோகிராம். தடுப்புப் போடும் கணத்தில் 2,400 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசை முன்னோக்கி எழும். இதனைக் கயிறுகளால் மாத்திரம் தாங்குவது கடினம். ஆதலின் முதல் வரிசை மூட்டைகள் லொறியின் முன்தட்டோடு இடைவெளியின்றி ஒட்டியிருத்தல் வேண்டும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியில் லீக்சும் கரட்டும் கொண்டுவருவோர் இதனை நன்கறிவர். அங்கு இறக்கமும் வளைவும் ஒருசேர வருவதால், பாரம் முன்னும் பக்கமும் மாறிமாறித் தள்ளப்படுகின்றது.

மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல், கீழ்வரிசையின் பொருத்தின்மேல் மேல்மூட்டையின் நடுப்பாகம் அமையுமாறு அடுக்குக. உரப்பை போன்ற பின்னிய பிளாத்திக்குப் பைகள் சணற் சாக்கிலும் எளிதில் வழுக்குவன. அவற்றை ஏற்றும்போது உயரத்தைக் குறைத்துக் கயிற்றைக் கூட்டுதல் நன்று.

கயிறும் நாடாவும்

தும்புக் கயிறு சொரசொரப்பானது, முடிச்சு நழுவாது. எனினும் அதன் பருமனுக்கு ஏற்ற வலிமை அதற்கில்லை. படங்கின் ஓரங்களைக் கட்ட அது போதும். மூட்டைகளைக் கட்டுவதற்குப் போதாது. நைலோன் கயிறு வலியதாயினும், இழுபடும் தன்மை மிக்கது. நனைந்தால் மேலும் தளரும். பொலிப்புரொப்பிலீன் கயிறு மலிவானது, நீர் உறிஞ்சாதது. ஆனால் நம் நாட்டு வெயிலில் தொடர்ந்து கிடந்தால் நைந்துவிடும். கையால் உரசும்போது தூளாக உதிரும் கயிற்றை விறகு கட்டவும் பயன்படுத்தற்க. பாரம் கட்டுவதற்குப் பொலியெஸ்ரர் கயிறே சிறந்தது. அது இழுபடுவதும் குறைவு, வெயிலையும் பெரிதும் தாங்கும்.

இறுக்கும் பொறியுடன் கூடிய நாடாக்கள் 'றச்செற் பெல்ட்' என்னும் பெயரால் விற்கப்படுகின்றன. விலை கூடியவையாயினும் ஓரிரு ஆண்டுகளில் தம் விலையை மீட்டுத் தருவன என்பது எம் கருத்து. வாங்கும்போது நாடாவிற் தைத்திருக்கும் சிறு துணித்துண்டைப் பார்க்குக. தாங்கக்கூடிய பாரம் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய நியமப்படி செய்யப்பட்டவற்றில் நீலத் துண்டு பொலியெஸ்ரரையும், பச்சை நைலோனையும், கபிலம் பொலிப்புரொப்பிலீனையும் குறிக்கும். துண்டு இல்லாத நாடாவையும், ஓரம் வெட்டுண்ட நாடாவையும் வாங்காது விடுவதே நன்று.

முடிச்சிட்ட இடத்திற் கயிற்றின் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஆகவே அறுந்த துண்டுகளை முடிந்து முடிந்து நீளமாக்கிய கயிறு பார்வைக்கு மாத்திரமே கயிறாகும். சாய்வும் கவனிக்கத்தக்கது. செங்குத்தாக இறங்கும் கயிறு தன் இழுவிசை முழுவதாலும் பாரத்தைத் தட்டோடு அழுத்தும். கிடையிலிருந்து 30 பாகை மாத்திரமே சாய்ந்திருந்தால் அவ்வழுத்தம் பாதியாகும். எனவே உயரம் குறைந்த பாரத்தைக் கட்டும்போது கயிறுகளின் எண்ணிக்கையைக் கூட்டுதல் வேண்டும். கயிற்றில் ஒரு கண்ணியிட்டு, நுனியை லொறியின் கொளுக்கியின் கீழாக எடுத்து, அக்கண்ணியினூடாகத் திரும்ப இழுத்துக் கட்டினால், ஒருவரின் கைவலிமை ஏறத்தாழ இருவரின் வலிமையாகும்.

மூட்டைகள் ஓடும்போது அமிழ்ந்து படியும். அவ்வளவிற்குக் கயிறும் தளரும். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்குப் புறப்படும் லொறி மாங்குளத்தில் ஒருமுறை நின்று கட்டை இறுக்கிக் கொள்ளுமாயின், எஞ்சிய தூரம் அச்சமின்றிச் செல்லலாம்.

படங்கு

கன்வஸ் படங்கு காற்றைச் சிறிது உட்செல்ல விடும், நீண்டகாலம் உழைக்கும். நனைந்தால் பாரம் மிகும். மழையின்போது அதன் உட்புறத்தில் மூட்டை உரசும் இடத்தில் நீர் கசியும். பின்னிய பொலித்தீன் படங்கு இலேசானது, மலிவானது; ஆயினும் வெயிலில் விரைவில் வெடிக்கும். சதுர மீற்றருக்கு 150 கிராமிற் குறைந்ததை லொறிக்கு வாங்குதல் வீண்செலவு. பீ.வீ.சீ. பூசிய துணிப் படங்கு சதுர மீற்றருக்கு 500 கிராமும் அதற்கு மேலும் நிறையுள்ளது; உரசலையும் காற்றின் அடியையும் தாங்கும். ஒருவர் தனியே வாங்க இயலாவிடின், அயலவர் நால்வர் கூடி வாங்கலாம். எதனை வாங்கினும், ஓரத்தின் உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கின்றதா எனவும், கண்கள் துருப்பிடியாத உலோகத்தாலானவையா எனவும் பார்க்குக. பழைய படங்காயின் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளையும் தெரியும்.

அளவைக் கணித்தல் எளிது. தட்டின் நீளம் 14 அடி, அகலம் 6 அடி, பாரத்தின் உயரம் 4 அடி எனின், நீளத்திற்கு உயரத்தை இருமுறையும், தொங்கலுக்கு 2 அடியும் கூட்டினால் 24 அடி; அகலத்திற்கும் அவ்வாறே கூட்டினால் 16 அடி. தொங்கல் தட்டின் விளிம்பிற்குக் கீழே இறங்காவிடின், வழிந்த நீர் தட்டிலேயே தேங்கி அடிமூட்டைகளை நனைக்கும். சில்லுகள் வாரியடிக்கும் நீரும் கீழிருந்தே வரும். ஆதலின் பலகைச் சட்டங்களை இட்டு அவற்றின்மேல் மூட்டையை அடுக்குக. இரு படங்குகளை இணைக்க நேரின், முன்படங்கின் ஓரம் பின்படங்கின்மேல் வருமாறு போடுக. மாறிப் போட்டால் காற்றுப் புகுந்து தூக்கிவிடும்.

மாசி, பங்குனியில் அறுவடைப் பொறியால் வெட்டிய ஈரநெல்லை அன்றே ஏற்றுவோர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். 14 சதவீதத்திற்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல் படங்கினுள் தானே சூடேறும். அரிசி மஞ்சள் நிறமாகும். அத்தகைய பாரத்தை இரவு முழுவதும் மூடி நிறுத்தி வைத்தலாகாது. மழை விட்டவுடன் பின்புறத்தைத் திறந்து விடுக. கிருமிநாசினியோ மண்ணெண்ணெயோ சிந்திய படங்கை எக்காரணங்கொண்டும் உணவுப் பொருளின்மேல் இடலாகாது.

மரக்கறிக்கு வேறு முறை

பறித்த மரக்கறியும் மூச்சு விடுகின்றது. அதனால் வெப்பமும் நீராவியும் எழுகின்றன. நெல்லைப்போல் இறுக மூடினால் கோவாவும் போஞ்சியும் வியர்த்து அழுகும். மூடாது விட்டால் வெயிலும் காற்றும் அவற்றை வாட்டும். எனவே வளைத்த தடிகளின்மேல், பாரத்திற்கு ஓரடி உயரத்தில் வெள்ளை அல்லது வெள்ளிநிறப் படங்கை விரித்து, முன்னும் பின்னும் காற்றோட வழிவிடுதல் வேண்டும். கருநிறப் படங்கு வெப்பத்தை ஈர்க்குமாதலின் பகற் பயணத்திற்கு ஆகாது.

கயிறு மரக்கறி மூட்டையின்மேல் நேரே படுமாயின், இறுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை நசுங்கும். பிளாத்திக்குக் கூடைகளில் அடுக்கி, மேலே பலகையிட்டு, அப்பலகையின்மேல் கயிற்றைச் செலுத்துவதே தக்க முறை. 2011ஆம் ஆண்டில் கூடைகள் கட்டாயமாக்கப்பட்டபோது, கூடையின் விலையும் லொறியிற் கொள்ளும் அளவு குறைதலும் காட்டிப் பலர் எதிர்த்தனர். அக்காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல; பூசணிக்கும் கிழங்குக்கும் கூடை வேண்டியதுமில்லை. தக்காளிக்கும் போஞ்சிக்கும், கூடையாற் காக்கப்படும் பொருளின் பெறுமதியையும் கணக்கிற் சேர்த்துப் பார்க்குக.

வீடு திரும்பியதும் படங்கைக் கழுவி, இருபுறமும் உலர்த்திச் சுருட்டி, நிலத்திற் படாதவாறு உயரத்தில் எலி அணுகாத இடத்தில் வைக்குக. ஈரத்துடன் மடித்த கன்வஸ் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து, அடுத்த போகத்தில் மடிப்பு வழியே கிழியும்.