குறைமாசப் பிரசவம்: வம்சமா, வெக்கையா?

காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் குறைமாசத்தில் குழந்தை பிறந்தால், முதல் விசாரணை மருமகளின் பிறந்த வீட்டை நோக்கித்தான் போகும். "அவ அம்மாவுக்கும் இப்படித்தானாமே?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் அறிவியல் இருக்கு. அதுதான் சிக்கலே.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாசம். 2020இல் இந்தியாவில் மட்டும் இப்படிப் பிறந்தவை சுமார் 30 லட்சம், உலகிலேயே அதிகம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. குறைமாசத்தில் பிறந்த பெண்ணுக்குத் தன் பிரசவமும் முந்திக்கொள்ளும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அப்பா வழியைவிட அம்மா வழிக்கே இதில் செல்வாக்கு அதிகம். இதை வைத்து மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாமா? முடியாது. 2017இல் 43,568 பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் சிக்கிய ஒவ்வொரு மரபணு வேறுபாட்டின் விளைவும் ரொம்பச் சின்னது. அவற்றில் ஒன்று, நாம் சாப்பிடும் செலினியத்தை உடல் தன் புரதங்களில் சேர்க்க உதவும் மரபணு. எனக்கு அந்த ஆய்வில் பிடித்ததே இதுதான்: வம்சத்தைத் தேடிப் போனால், பாதை சோற்றுத் தட்டில் போய் நிற்கிறது. (உடனே செலினியம் மாத்திரை வாங்க ஓடாதீங்க, அது தடுக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.) தவிர, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்ளேயே நடக்கின்றன. அத்தை மகனைக் கட்டியவளிடம் எந்த வம்சத்தைக் குறை சொல்வது?

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் முதல் செக்கப். முந்தைய பிரசவம் குறைமாசம் என்றால், அடுத்ததும் அப்படி ஆகும் வாய்ப்பைக் காட்டும் பெரிய அடையாளம் அதுவே. டாக்டருக்குத் தெரிந்தால் கருப்பைவாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்ப்பார், தேவைப்பட்டால் மருந்து தருவார்.

சுற்றுப்புறம் பக்கம் வருவோம். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால், பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது, எடை குறைந்த குழந்தைகளின் விகிதம் 2% கூடியது. எடைக்குறைவும் குறைமாசமும் ஒன்றல்ல, ஆனாலும் நெருங்கின பங்காளிகள். 4 கிராம் அற்பமாகத் தெரியலாம். விறகடுப்புப் புகை நுண்தூசியைப் பத்தால் அல்ல, பல பத்துகளால் கூட்டும்.

அதே நிறுவனம் வெக்கையையும் ஆராய்ந்தது. 800 கர்ப்பிணிகள், ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெக்கையில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும்போது நஞ்சுக்கொடிக்குப் போவது குறையலாம். நீர் வற்றினால் கருப்பைச் சுருக்கமும் தொடங்கலாம்.

இப்போ தறி வீட்டுக்கு வாங்க. நூல் சுற்றுவது, பாவு போடக் கை கொடுப்பது, கோர்வைக்குத் துணையாக உட்காருவது, இடையில் சமையல். இதெல்லாம் கூலிக் கணக்கில் வராத பெண்கள் வேலை. சாயப்பட்டறை என்றால் கொதிக்கிற அண்டாவும் சேர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் "வீட்லதானே இருக்கா" என்று சொல்லும்போது, அந்த வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று யாராவது பார்க்கணும். மத்தியான நூல் வேலையைக் காலைக்கு மாற்றுவது, ஒரு செம்புத் தண்ணி பக்கத்திலேயே வைப்பது, சிறுநீர்த் தொற்று இருந்தால் தள்ளிப்போடாமல் மருந்து எடுப்பது: இவற்றில் எதற்கும் மரபணுப் பரிசோதனை வேண்டாம்.