தள்ளிவைக்கப்பட்ட எச்சரிக்கை

எஃகையும் சிமென்டையும் கொண்டு கட்டுபவருக்கு, அவை ஆலையிலிருந்து வரும்போதே அவற்றின் வலிமை ஏறக்குறையத் தெரிந்திருக்கும். மண்ணைப் பற்றி ஆலோசனை சொல்லும் பொறியாளருக்கு அந்த வசதி இல்லை. சாண் அகலத் துளைகள் சிலவற்றில் எடுத்த மாதிரிகளை வைத்து, ஏக்கர் கணக்கான நிலம் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் கணிக்க வேண்டும். நிலத்தடி நீரில் ரசாயனக் கழிவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்ல வேண்டிய சுற்றுச்சூழல் ஆலோசகரின் பாடும் இதேதான். இவர்கள் கணிப்பு ஓரளவு பிசகத்தான் செய்யும். அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. பிசகு தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டே இவர்கள் தொழிலில் வளர்ந்திருக்கிறார்களா என்று மதிப்பிட வேண்டும். சிங்கப்பூரில் நடந்த ஒரு விபத்து இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2004 ஏப்ரல் 20-ஆம் தேதி பிற்பகல் மூன்றரை மணி அளவில், எம்.ஆர்.டி. வட்டப்பாதை ரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டித் தோண்டிய பள்ளம் சரிந்தது. ஆழம் சுமார் 30 மீட்டர். இருபுறமும் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள். அவை உள்நோக்கிச் சாயாமல் தாங்க, குறுக்கே அடுக்கடுக்காக எஃகு முட்டுகள். ஒன்பது அடுக்கு முட்டுகள் பொருத்தப்பட்டு, பத்தாவதற்காகத் தோண்டிக்கொண்டிருந்தபோது எல்லாம் உள்ளே விழுந்தன. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் கூடவே போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சக தொழிலாளர்களை வெளியேற்றிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட மேற்பார்வையாளர். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அரசு அமைத்த விசாரணைக் குழு இரண்டு பெரிய வடிவமைப்புப் பிழைகளைக் கண்டறிந்தது. முதல் பிழை கணினிக் கணக்கில் நேர்ந்தது. அங்கே இருப்பது மென்மையான கடல் களிமண். வேகமாகத் தோண்டும்போது அதிலுள்ள நீர் வடிந்து வெளியேற நேரம் இருக்காது. அந்த நிலையில் களிமண்ணின் வலிமை குறைவு. தேர்ந்தெடுக்கப்பட்ட கணக்கு முறையோ அந்த வலிமையை உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது. அதனால் சுவர் எவ்வளவு வளையும் என்ற கணிப்பும், அதன் மேல் வரும் சுமை பற்றிய கணிப்பும் குறைந்துபோயின. இரண்டாவது பிழை, முட்டும் சுவரையொட்டிய எஃகு விட்டமும் சேரும் இணைப்பில். அதை வலுப்படுத்தும் தகடுகள் சில இடங்களில் நெளிந்ததால் அவற்றுக்குப் பதிலாக வேறு வடிவ எஃகுத் துண்டுகளை வைத்தார்கள். அந்த மாற்றம் எதிர்பார்த்த வலிமையைத் தரவில்லை. இணைப்பு முறிந்தால் திடீரென முறியும் நிலையையும் உண்டாக்கியது.

ஆனால் இந்தப் பிழைகளைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சுவரின் நகர்வை அளக்கும் கருவிகள் அங்கே இருந்தன, சரியாகவே வேலை செய்தன. சரிவுக்குப் பல வாரங்கள் முன்பே அளவுகள் எச்சரிக்கை எல்லையைத் தாண்டின. அப்போது மண்ணின் தன்மையை மாற்றி வைத்து மறுகணக்கு போட்டு, புதிய எண்களுக்கு ஏற்ப எச்சரிக்கை எல்லையை உயர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இது ஒரு முறையோடு நிற்கவில்லை. முதல் கணக்கின் அடிப்படையே தவறாக இருக்குமோ என்று கேட்டிருந்தால் அந்தக் கருவிகள் உயிர்களைக் காத்திருக்கும். சரிந்த நாளில் காலையிலிருந்தே எஃகு நெரிபடும் சத்தம் கேட்டது. அப்போதும் வேலை நிறுத்தப்படவில்லை.

அளவு கொஞ்சம் கூடினாலே வேலையை நிறுத்தினால் எந்தச் சுரங்கமும் முடியாது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். இதற்கு ரால்ஃப் பெக் என்ற அமெரிக்க மண் பொறியாளர் 1969-இல் தன் ரேங்கின் சொற்பொழிவில் வழி சொல்லியிருக்கிறார். அளந்து பார்த்து வடிவமைப்பைத் திருத்திக்கொள்வதை அவர் ஆதரித்தார். கூடவே கடுமையான நிபந்தனைகளும் வைத்தார்: மிக மோசமான நிலையில் அளவு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும்; அது வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்; வேலை நடுவே வடிவமைப்பை மாற்ற முடியாத இடத்தில் இந்த முறையைத் தொடவே கூடாது. மீறல் நடந்த பிறகு எல்லையை நகர்த்துவது இதற்கு நேர் எதிரான காரியம்.

கட்டணம் கொடுப்பவர் நிறுத்த விடுவாரா என்பது இதைவிடக் கனமான கேள்வி. தவணை தவறினால் அபராதம் கட்ட வேண்டிய ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்கும் ஆலோசகர் தனியாக நின்று வேண்டாம் என்பது கடினம். தனிமனிதத் துணிவை நம்பி இதை விட்டுவிட முடியாது என்பதைச் சிங்கப்பூர் உணர்ந்துகொண்டது. தற்காலிகக் கட்டமைப்புகளையும் நிரந்தரக் கட்டமைப்புகளுக்கு இணையான கவனத்தோடு வடிவமைக்க வேண்டும், சார்பற்ற ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, ஆழமான தோண்டல்களுக்கு மண் பொறியியலில் தனித் தகுதி பெற்றவர் பொறுப்பேற்பது கட்டாயமானது. அமெரிக்காவிலோ 1960-களின் இறுதியில் மண் ஆலோசகர்களுக்குத் தொழில் காப்பீடு கிடைப்பதே அரிதானது. 1969-இல் அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள்; தவறிப்போன வேலைகளின் விவரங்களைத் தொகுத்துத் தங்களுக்குள் பகிரும் வழக்கமும் வளர்ந்தது. இளம் பொறியாளருக்குப் பத்து வெற்றிகளைவிட அத்தகைய ஒரு தோல்வி விவரம் அதிகம் கற்றுத்தரும்.

சிங்கப்பூரின் கட்டுமானப் பள்ளங்களில் இறங்குபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் ஏராளம். சென்னையிலும் மெட்ரோவுக்காக ஆழமாகத் தோண்டுகிறார்கள். பெரிய திட்டமோ, அடுக்குமாடியின் அடித்தளமோ, மண் ஆலோசகரை அமர்த்துபவர்கள் முதல் நாளே ஒன்றை எழுதி வாங்க வேண்டும்: எந்த அளவு வந்தால் வேலை நிற்கும், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. அதை எழுதித் தரத் தயங்குபவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.