சந்தா முடிந்த பிறகு கணக்கு யார் கையில்?

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது, நெம்மேலியில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கும் விடுதியின் அலுவலக அறையில் கூரை ஷீட் பறந்து மழை உள்ளே இறங்கியது. பில் புத்தகங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கம்ப்யூட்டரும் போயிற்று. கணக்கு மட்டும் தப்பியது. அது கிளவுடில் இருந்தது. மூன்றாம் நாள் புது லேப்டாப்பில் பாஸ்வேர்டைப் போட்டதும் கடைசி பில் வரை அப்படியே வந்து நின்றது.

அதே விடுதி பிறகு நான்கு வருடக் கணக்கைப் பறிகொடுத்தது. அப்போது புயலும் இல்லை, மழையும் இல்லை. கணக்கு பார்த்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். கிளவுட் கணக்குக்கு அட்மினாக இருந்தது அவருடைய சொந்த மெயில். ஓடிபி போனது அவருடைய பழைய செல் நம்பருக்கு. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கைகள் எல்லாம் யாரும் பார்க்காத அந்த மெயிலுக்கே போய்ச் சேர்ந்தன. சில மாதம் கழித்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தபோதுதான் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். "உள்ளேயே போக முடியலண்ணே. கேட்டா, டேட்டாவ அழிச்சாச்சுங்கறாங்க. என் கணக்க அவங்க எப்படிண்ணே அழிக்கலாம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் வேறு சொல்கிறது. நாம் படிக்காமல் டிக் அடிக்கும் அந்த நீண்ட பக்கத்தில், டேட்டா உங்களுடையது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். சந்தா முடிந்து இத்தனை நாளுக்குப் பிறகு அழித்துவிடுவோம் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும். கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேலையை விட்டவரின் கணக்குக்கும் தனிக் கெடு உண்டு: அட்மின் அதை நீக்கிவிட்டால் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் 20 நாளுக்குள், மைக்ரோசாஃப்ட் 365-ல் 30 நாளுக்குள் மீட்டால்தான் உண்டு.

இதைப் படிக்கும் பலர், கிளவுடில் இருப்பதே பேக்கப்தானே என்று நினைக்கக்கூடும். அந்த நினைப்புதான் ஆபத்து. சர்வர் எரிந்துபோனால் காப்பாற்றுவது கிளவுட் கம்பெனியின் வேலை. உங்கள் ஆளே தவறிப்போய் அழித்தாலோ, பாஸ்வேர்டு திருடு போனாலோ, சந்தா விட்டுப்போனாலோ அது உங்கள் பாடு. கம்பெனியின் கையிலேயே பிழை நடந்த கதையும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் பிரைவேட் கிளவுட் கூகுள் பக்கம் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம் தவித்தார்கள். மீட்சிக்குக் கைகொடுத்தது, தனியாக வைத்திருந்த பேக்கப்.

நம் நாட்டிலேயே 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. குஜராத் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை, நாடெங்கும் 6,000க்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்க்குகள் உள்ள நிறுவனம் அது. பணம் கட்டி வாங்கிய சேவையில் தன் சொந்தத் தகவலையே எடுக்க முடியவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை முடிவதற்குள் சேவை திரும்பியது. அவர்களால் வக்கீல் வைக்க முடிந்தது. நம் கடலோரத்து இறால் குஞ்சுப் பண்ணைக்காரரும் கல் சிற்பப் பட்டறைக்காரரும் எங்கே போவார்கள்?

சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று மாற்றினார்கள். கணக்கை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தவறினால் பொறுப்பான இயக்குநருக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை அபராதம். தனிநபர் வியாபாரத்துக்கும் விலக்கு இல்லை. ஜிஎஸ்டி விதி 57, விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ பதிவுகள் அழிந்தால் மீட்கும்படி மின்னணு பேக்கப் வைத்திருக்கச் சொல்கிறது. ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பதிவுகள் கையில் இருக்க வேண்டும். கிளவுட் கம்பெனி அழித்துவிட்டது என்ற பதிலை வைத்து அதிகாரியிடமிருந்து தப்பிவிடலாம் என்று நம்பி உட்கார வேண்டாம்.

கடமை இவ்வளவு இருக்க, உரிமை மெலிந்திருப்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், வாடிக்கையாளர் தன் டேட்டாவோடு வேறு கிளவுடுக்கு மாற வழிவிட வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. நம்முடைய 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 2019 மசோதாவில் தனிநபர்களுக்கு இருந்த அத்தகைய உரிமையும் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே நம் உரிமை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. சந்தா கட்டும் முன்பே கேளுங்கள்: மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா, எந்த வடிவில், நிறுத்திய பின் எத்தனை நாள்? பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. அந்த விடுதிக்கு ஒரு பழைய எக்ஸ்போர்ட் கிடைத்தது என்று சந்தோஷமாகத் திறந்தோம். எக்செல்லில் தமிழ்ப் பெயர்களெல்லாம் புரியாத குறிகளாக வந்தன. நீளமான பில் எண்கள் பாதி சுருங்கிக் கடைசி இலக்கங்கள் சுழியாகியிருந்தன. லெட்ஜர் இருந்தது, அதோடு இணைத்திருந்த பில் படங்கள் ஒன்றுகூட இல்லை. எடுத்த ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு மாத மொத்தத்தை ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிட்டுப் பார்க்காத வரை அதை பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய எக்ஸ்போர்ட் தயாராகவே சில நாள் ஆகலாம் என்பதால் சந்தாவின் கடைசி நாளுக்குக் காத்திருக்கவும் கூடாது. விருந்தினர்களின் ஆதார் நகல் அதில் இருந்தால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியே வையுங்கள். பாதுகாப்பில் கோட்டை விடுபவருக்கு அந்த 2023 சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில், அழிக்க வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பி, பணம் கட்டிய ரசீதை இணையுங்கள். முன்னாள் ஊழியர் வேண்டுமென்றே அழித்தாலோ, பாஸ்வேர்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்தினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43-ன் கீழ் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநில தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார். போலீஸ் புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதியலாம். பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்துபவர், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

விடுதிக்காரர் ஆடிட்டரிடமிருந்த பிடிஎஃப்களையும் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்த ரிட்டர்ன்களையும் வைத்து நோட்டீஸுக்கு ஒருவழியாகப் பதில் கொடுத்தார். இப்போது அட்மின் மெயில் விடுதியின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டாவது அட்மின் அவர் மனைவி. தினமும் இரவு ஒரு நகல் இந்தியாவில் உள்ள வேறொரு சர்வருக்குப் போகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஹார்டு டிஸ்கிலும் எடுக்கிறார். இங்கே உப்புக்காற்றில் இரும்பு பீரோவே துருப்பிடிக்கும் என்பதால் அந்த டிஸ்கைத் திருப்போரூரில் அக்கா வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறார்.